மணி அடித்த பிறகு வகுப்புக்குப் போன மாணவன்: தலித் ஆண்களின் மனவலியும் நம் வரலாறும்

ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, கோயமுத்தூரில் ஒரு கலாசாலை. சுமார் நானூறு மாணவர்கள். பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். அந்தப் பத்துப் பேருக்குள் பறையர் வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். காலையில் அவன் உள்ளே போகமாட்டான். வெளியில் எங்காவது ஒதுங்கிப் படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்துப் பாடம் தொடங்கும் நேரத்தில்தான் வகுப்புக்குள் நுழைவான். வகுப்பு முடிந்ததும் யாரும் கூட வந்துவிடாதபடி வேகமாக வீட்டைப் பார்த்து நடந்துவிடுவான். நின்று நாலு வார்த்தை பேசினால் எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். பதில் தெரிந்துவிட்டால் அடுத்த நாளிலிருந்து பார்வையே மாறிவிடும். அந்த பயம். விளையாட ஆசை இருந்தும் யாரோடும் விளையாட முடியாத வேதனை. இந்த நெருக்கடியை எப்படித் தாண்டுவது என்று அவன் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறான்.

அந்த மாணவன்தான் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கியவர். 1930இல் அண்ணல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். 1939இல், எண்பது வயதை ஒட்டிய காலத்தில், 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற சிறிய தன்வரலாற்றை வெளியிட்டார். மேலே சொன்ன செய்தி அதில் இருக்கிறது. திவான் பகதூர் பட்டம் வாங்கி, சட்டமன்றத்தில் பேசி, கடல் கடந்து போய் வந்த ஒரு மனிதர், வாழ்க்கையைச் சுருக்கி எழுத உட்கார்ந்தபோதும் பள்ளி வாசலில் நின்ற அந்தப் பயத்தை விட்டுவிடவில்லை.

நாம் அவருடைய பிறந்த நாளில் சுவரொட்டி ஒட்டுகிறோம். தலைப்பாகையும் கோட்டும் போட்ட படத்தைப் போடுகிறோம். பள்ளிக்கு வெளியே ஒளிந்து நின்ற பையனை நாம் போடுவதில்லை. தலைவர்களை நாம் நெஞ்சுரத்தோடு மட்டுமே நினைத்துப் பழகிவிட்டோம். அவர்கள் பயந்தார்கள், தனிமையில் தவித்தார்கள், அழுதார்கள் என்பது அவர்கள் எழுதி வைத்த செய்தி. அதை நம் மேடைகளில் சொல்வதில்லை. சொல்லாததால் ஒரு தவறான பாடம் நம் தம்பிகளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது: போராளி என்றால் வலியை வெளியே காட்டக்கூடாது. அந்தப் பாடத்தை மறுக்கத்தான் இந்தக் கட்டுரை.

இப்போது கல்லூரிகளில் 'மனத்திடம்' பற்றிய பயிலரங்குகள் நடக்கின்றன. மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறார்கள். எதையும் நேர்மறையாகப் பார்க்கச் சொல்கிறார்கள். மூச்சுப் பயிற்சியில் தப்பில்லை. ஆனால் ஒரு மாணவன் எதைத் தாங்கவேண்டும் என்று கேட்காமல், தாங்கும் சக்தியை மட்டும் வளர்க்கச் சொல்வது யாருக்கு வசதி? அடிக்கிற கையைப் பற்றிப் பேசாமல் அடிபடுகிற முதுகுக்கு மட்டும் எண்ணெய் தேய்த்துவிடும் வேலை அது. சீனிவாசனிடம் மனத்திடம் குறைவாக இருந்ததா? அவர் படித்து முடித்தார். குறை அந்த நானூறு பேர் கொண்ட கலாசாலையில் இருந்தது.

பரோடாவில் ஒரு மாலை

அம்பேத்கரின் வாழ்க்கையிலும் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது. 1917. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, உதவித்தொகை தந்த பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போகிறார். தங்க இடமில்லை. பார்சிகளுக்கான ஒரு விடுதியில், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்குகிறார். ஆளில்லாத, இருட்டான கூடம். பகலில் அலுவலகம், இரவில் அந்தத் தனிமை. அதை மறக்கப் புத்தகத்தில் தலையைப் புதைத்துக்கொள்கிறார். பதினொன்றாம் நாள் காலையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. மாலைக்குள் காலி செய்யவேண்டும் என்று மிரட்டுகிறது. நண்பர்கள் இருவரிடம் போகிறார். ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர். இருவரும் ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கைவிரிக்கிறார்கள். பம்பாய் ரயில் இரவில்தான். அதுவரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருக்கிறார்.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து இதை எழுதுகிறார், 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தலைப்பில் பின்னாளில் வெளியான குறிப்புகளில். அந்தக் காட்சி இன்னும் மங்கவில்லை, நினைக்கும்போதெல்லாம் கண்ணில் நீர் வருகிறது என்று அவரே சொல்கிறார். அதை எழுதியபோது அவர் மகாடு கண்டவர், வட்டமேசை கண்டவர், பூனா ஒப்பந்தத்தின் நெருக்கடியைக் கடந்தவர். எத்தனை வெற்றி வந்தாலும் அந்த மாலை அவருக்குள் அப்படியே இருந்தது. மனக்காயம் அப்படித்தான் இருக்கும். அதை ஒளிக்கவேண்டிய பலவீனமாக அவர் நினைக்கவில்லை. தீண்டாமை என்றால் என்னவென்று அறியாதவர்களுக்கு அதையே சாட்சியமாக வைத்தார்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1926இல் அவருடைய கடைசி மகன் ராஜரத்னா குழந்தையாகவே இறந்துபோகிறான். அதற்கு முன்பே இரண்டு மகன்களையும் ஒரு மகளையும் இழந்திருந்தார்கள். அந்த ஆகஸ்டில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தானும் மனைவி ரமாபாயும் இந்த அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை, மீளவும் முடியாது என்ற பொருளில் எழுதுகிறார். ஓர் ஆண், தன் துயரத்தைத் தன் மனைவியின் துயரத்தோடு சேர்த்து, ஒளிக்காமல் நண்பனுக்குச் சொல்கிறார். அடுத்த மார்ச்சில் மகாடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளுகிறார். துக்கம் முடிந்த பிறகு போராட்டம் தொடங்கியது என்று நாம் நினைக்கக்கூடாது. துக்கம் கூடவே போயிருக்கும். நம்மைப் போல அவருக்கும் இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருந்தன.

எழுதத் தெரியாதவர்களின் வலி

சீனிவாசனும் அம்பேத்கரும் எழுதினார்கள். எழுத்து வாய்க்காத லட்சக்கணக்கான ஆண்களின் வலி எங்கே பதிவாகியிருக்கிறது?

கீழத்தஞ்சைப் பண்ணையாள்களை எடுத்துக்கொள்வோம். சவுக்கடியும், சாணியைக் கரைத்து வாயில் ஊற்றும் கொடுமையும் அங்கே தண்டனை முறையாகவே இருந்தன. சவுக்கு உடம்பை அடித்தது. சாணிப்பால் எதை அடித்தது? பெண்டாட்டி பிள்ளைகள் பார்க்க, வளர்ந்த ஓர் ஆணை வாய் திறக்கவைத்து ஊற்றினால் அவனுக்குள் என்ன மிஞ்சும்? நரைத்த தலையோடு நிற்கும் மனிதரைப் பண்ணையார் வீட்டுச் சிறுவன் 'வாடா, போடா' என்று அழைப்பான். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு 'சரிங்க சின்ன எசமான்' என்று நிற்கவேண்டும். தினம் தினம் ஒரு மனிதனைச் சிறுவனாக்குவதற்கு அந்த வார்த்தைகளே போதும்.

1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் அங்கே விவசாயச் சங்கத்தைக் கட்டினார்கள். சாணிப்பாலும் சவுக்கடியும் போராட்டத்தில் ஒழிந்தன. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி உயர்வுக்கான போராட்டம் என்று இதைப் படிக்கிறோம். மனநல வரலாறாகவும் படிக்கலாம். தனியாக நின்று அடி வாங்கியவரை அவனுக்கு அது தலைவிதி. பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்து 'எனக்கும் இதுதான் நடந்தது' என்று பேசியபோது அது அநியாயம் என்று விளங்கியது. உள்ளே அழுகிக்கொண்டிருந்த அவமானம் வெளியே வந்து கோபமானது. கோபம் கோரிக்கையானது. இந்தப் பகுதியில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மனைவியையும் பிள்ளையையும் இழந்து, தான் மட்டும் உயிரோடு இருப்பதைச் சுமந்துகொண்டு மறுநாளும் வயலில் இறங்கிய ஆண்கள் இருந்தார்கள். வழக்கின் கதை நமக்குத் தெரியும். 1973இல் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது. அந்த ஆண்களின் இரவுகளின் கதை நமக்கு எவ்வளவு தெரியும்?

இங்கே கசப்பான ஒன்றையும் சொல்லியாகவேண்டும். எல்லா அவமானமும் கோபமாகி ஆண்டையை நோக்கிப் போகவில்லை. நிறைய அவமானம் வீட்டுக்கு வந்தது. பாமா 1994இல் எழுதிய 'சங்கதி' இதைக் கண்ணில் அறைந்தாற்போலக் காட்டியது. காட்டில் மேல்சாதிக்காரனிடம் குனிந்துவிட்டு வரும் ஆண், வீட்டில் பெண்ணிடம் தன் ஆண்மையை நிமிர்த்துகிறான். பகலில் விழுங்கியதை இரவில் அவள்மேல் கக்குகிறான். சாதி அவனை அடித்தது என்பது உண்மை. அதனால் அவன் அடித்ததற்கு மன்னிப்புக் கிடைத்துவிடாது. 1942இல் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அம்பேத்கர், திருமணம் செய்துகொள்ளும் பெண் கணவனுக்குத் தோழியாகவும் சமமானவளாகவும் நிற்கவேண்டும், அடிமையாக இருக்க மறுக்கவேண்டும் என்று பேசினார். ஆண்களின் மனநலம் பற்றிப் பேசும் நாம் அந்த உரையை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. நம் வலியை இறக்கிவைக்கும் சுமைதாங்கிக் கல்லாக நம் வீட்டுப் பெண்களை ஆக்கி வைத்திருக்கிறோம். அவர்கள் அதை எங்கே போய் இறக்குவார்கள்?

குடியைப் பற்றியும் இதே நேர்மையோடு பேசவேண்டும். சாக்கடைக்குள் இறங்கும் தொழிலாளி ஏன் முதலில் குடிக்கிறார் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். குடிக்காமல் அந்த நாற்றத்துக்குள் இறங்க முடியாது என்பார். மலக்குழி வேலையைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. குழிக்குள் இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தரவேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இறந்தால் விலை உண்டு. உயிரோடு இருந்து, தன் உடம்பின் வாடையே தனக்குப் பிடிக்காமல், பிள்ளையைத் தூக்கக் கூசி ஒதுங்கி நிற்பவரின் மனதுக்கு எந்தக் கணக்கில் இழப்பீடு? அவரை ஊர் 'குடிகாரன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. குடி அவரையும் அவர் வீட்டையும் அழிக்கிறது என்பதில் சந்தேகமில்லை. அவரைத் திட்டி அதை நிறுத்த முடியாது என்பதும் நாம் கண்ட உண்மை.

மீண்டும் வகுப்பறை வாசல்

2007இல் தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் நடக்கும் சாதிப் பாகுபாட்டை ஆராய்ந்த தோரட் குழு அறிக்கை தந்தது. விடுதியில் தலித், பழங்குடி மாணவர்கள் ஒதுக்கப்பட்டார்கள், சாப்பாட்டு மேசையில் விலக்கப்பட்டார்கள், விளையாட்டில்கூடச் சேர்த்துக்கொள்ளப்படவில்லை என்று அது பதிவு செய்தது. கோயமுத்தூர்க் கலாசாலையில் விளையாட முடியாமல் கலங்கிய சீனிவாசனுக்கும் இந்த மருத்துவ மாணவர்களுக்கும் இடையில் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தது.

2008இல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேலம் மாவட்டத்திலிருந்து போன ஆய்வு மாணவர் செந்தில்குமார் தற்கொலையில் இறந்தார். பன்னியாண்டி சமூகத்திலிருந்து முனைவர் பட்டப் படிப்பு வரை போனவர். இயற்பியல் துறையில் அவருக்கு நெறியாளரே ஒதுக்கப்படவில்லை. 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான விதிகளைக் கொண்டுவந்தது. 2016 ஜனவரி 17 அன்று அதே பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். 2017 மார்ச்சில் சேலத்தைச் சேர்ந்த முத்துகிருஷ்ணன் தில்லியில் இறந்தார். அவர் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர். தற்கொலை என்றது காவல்துறை. குடும்பம் அதை ஏற்கவில்லை. இறப்பதற்குச் சில நாள் முன்பு அவர் முகநூலில் எழுதியது, சமத்துவம் மறுக்கப்படுவதைப் பற்றி.

ரோகித்தின் கடைசிக் கடிதத்தை நாம் நிறையப் பகிர்ந்தோம். அதில் இருந்த மொழி அழகு நம்மை உலுக்கியது. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பு, 2015 டிசம்பரில், துணைவேந்தருக்கு அவர் எழுதிய இன்னொரு கடிதம் இருக்கிறது. கசப்பும் கேலியும் நிறைந்த அந்தக் கடிதத்தில் வேதனை வெளிப்படையாகவே தெரிகிறது. உதவித்தொகை மாதக்கணக்கில் வரவில்லை. விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, தோழர்களோடு வளாகத்தில் திறந்த வெளியில் கூடாரம் கட்டிப் படுத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வெளிவாடா'. ஊருக்கு வெளியே தள்ளிவைத்த சேரி. முதல் கடிதத்தைப் பல்கலைக்கழகம் படித்துப் பொருட்படுத்தியிருந்தால் கடைசிக் கடிதத்துக்குத் தேவையே இருந்திருக்காது. அந்த மரணத்தை வீரமாகவோ தியாகமாகவோ பாடுவதில் நமக்கு உடன்பாடு இல்லை. ரோகித் உயிரோடு இருந்து ஆய்வை முடித்திருக்கவேண்டும். அதுதான் நியாயம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையில் இறந்தார்கள். பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர் தினக்கூலி. படிப்பு, வருமானம், தொழில், திருமண நிலை என்று அந்த ஆண்டறிக்கையில் அட்டவணைகள் உண்டு. சாதிக்கு அட்டவணை இல்லை. யார் சாகிறார்கள் என்று எண்ண மறுக்கும் அரசு, ஏன் சாகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிக்கும்? இந்த அட்டவணையைக் கேட்பதும் மனநல இயக்கத்தின் வேலைதான்.

நம் கையில் இருப்பவை

'அடங்க மறு, அத்து மீறு, திமிறி எழு, திருப்பி அடி' என்ற முழக்கம் 1990களில் நம் சேரிகளுக்கு வந்தபோது அது மருந்தாகவே வேலை செய்தது. குனிந்த முதுகுகளை நிமிர்த்தியது. அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கூட்டம் முடிந்து, கொடியை மடித்து வைத்துவிட்டு, அறைக்குத் திரும்பிய தம்பி இரவு இரண்டு மணிக்குத் தூங்காமல் விழித்திருக்கிறான். அவனுக்குச் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது?

சமூகப் பணியில் நாங்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். நல விடுதிப் பையன்கள் 'மனசு சரியில்ல' என்று சொல்வதே இல்லை. 'தலவலிண்ணே' என்பார்கள். 'சாப்பாடு எறங்கல', 'வகுப்புல தூக்கம் தூக்கமா வருது' என்பார்கள். ஊருக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பியவன் திரும்பி வராமலே படிப்பை விடுவான். இந்த மொழியைப் புரிந்துகொள்ள நாம் பழகவேண்டும். 'என்னடா, பொட்டப்புள்ள மாதிரி' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அவன் அடுத்தமுறை தலைவலியைக்கூடச் சொல்லமாட்டான். அந்தச் சொல் பெண்களையும் அவமதிக்கிறது, அவனையும் ஊமையாக்குகிறது.

வாசகர் வட்டம் நடத்துகிறோம். மாதம் ஒருநாள் புத்தகத்தை மூடிவைத்து, இந்த மாதம் எதைத் தாங்கினோம் என்று மட்டும் பேசலாம். அறிவுரை கூடாது, கேலி கூடாது, பேசியது அறையை விட்டு வெளியே போகக்கூடாது. ஒருவன் திடீரென்று ஒதுங்கினால், இருந்த பொருளையெல்லாம் மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தால், 'நான் இல்லாட்டி என்ன' என்ற பேச்சு வந்தால், நேராகக் கேளுங்கள்: 'சாகணும்னு தோணுதா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. யாரோ கவனித்திருக்கிறார்கள் என்ற ஆறுதல்தான் வரும். அந்த இரவு அவனைத் தனியாக விடாதீர்கள்.

மருத்துவத்துக்கும் வெட்கப்படத் தேவையில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை உரிமை என்கிறது. சாதியின் பெயரால் அதில் பாகுபாடு கூடாது என்று 18ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 115ஆம் பிரிவு. சாதி என்ற சொல்லைக் கேட்டதும் பேச்சை மாற்றும் ஆலோசகர் கிடைத்தால் வேறொருவரைக் கேளுங்கள். 'நீங்களா கற்பனை பண்ணிக்கிறீங்க' என்பவரிடம் நம் காயத்தைத் திறந்து காட்டவேண்டியதில்லை. நம் பிள்ளைகள் உளவியல் படித்து அந்த நாற்காலிகளில் உட்காரவேண்டும் என்பதும் நம் கோரிக்கைகளில் ஒன்றாகட்டும்.

இரட்டைமலை சீனிவாசனிடம் திரும்ப வருவோம். 1924இல், சென்னை சட்டமன்றத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் எதையும் யாரும் சாதித் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தெருவில் யாரும் தன்னோடு சேர்ந்து நடந்துவிடக்கூடாது என்று வேகமாக வீட்டுக்குப் போன அதே பையன்தான், வளர்ந்து, எல்லோரும் எல்லாத் தெருவிலும் நடக்கலாம் என்று சட்டமன்றத்தில் கேட்டான். அப்போதும் அந்தப் பழைய பயம் அவருக்குள் முழுதாக அழிந்திருக்காது. அழிந்திருந்தால் 1939இல் அதை எழுதியிருக்கமாட்டார்.

உங்கள் வகுப்பிலும் இன்று ஒருவன் மணி அடிக்கட்டும் என்று வெளியே நின்றுகொண்டிருப்பான். அவனைத் தெரிந்தால் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். ஒருவேளை அது நீங்களாகவே இருந்தால், யாரிடமாவது சொல்லுங்கள். இரவு எந்நேரமும் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணிலும், 104 என்ற தமிழ்நாடு அரசின் எண்ணிலும் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.

ஜெய்பீம்.